பட்டறைத் தரை சில்லிடுகிறதா, வியர்க்கிறதா, அமுங்குகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கொல்லைப்புறப் பட்டறையை வருடம் முழுக்கப் பயன்படுத்த நினைப்பவர்கள் சுவருக்கும் கூரைக்கும் இன்சுலேஷன் போட்டுவிட்டுத் தரையைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். பிறகு புகார் எல்லாம் தரையிலிருந்துதான் வருகிறது. நான் சரிசெய்யப் போன தரைகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு ஒன்றேதான்: ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே அதன் மேல் பலகையைப் போட்டு மூடியிருந்தார்கள். அதனால் கீழே எந்தத் தலைப்புக்குப் போனாலும் வரிசை மாறாது. முதலில் தண்ணீர், அடுத்து காற்று, அதற்கப்புறம்தான் இன்சுலேஷன்.

உங்கள் தரையில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத சோதனை முதலில் வரும், தரையைப் பெயர்க்கும் வேலை கடைசியில் வரும். அகச்சிவப்பு வெப்பமானி, காற்றின் ஈரப்பதம் காட்டும் மீட்டர், மரத்தின் ஈரம் பார்க்கும் ஊசி மீட்டர், நல்ல டேப், ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாள், நீளமான ரசமட்டம் ஆகியவற்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

## கான்கிரீட் தரையில் ஈரம் தெரிகிறது

துடைத்துவிட்டு மறுபடி வருகிறதா என்று காத்திருப்பதில் பயனில்லை. மண்ணிலிருந்து கான்கிரீட் வழியாக ஏறிவரும் ஈரமும், அறைக் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த தரையில் படிவதால் வரும் ஈரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வைத்தியம் மட்டும் வேறு. மண் ஈரம் ஏறும் தரையில் ஈரப்பதம் குறைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டால் அது நாளெல்லாம் தண்ணீர் சேர்க்கும், தரை காயாது.

### முதலில் பாலித்தீன் சோதனை

பாலித்தீன் தாளைச் சுமார் 45 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவில் வெட்டுங்கள். தரையின் தூசியைத் துடைத்துவிட்டு, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். டேப் பிடிக்காவிட்டால் ஒட்டும் இடத்தை மட்டும் ஹேர் டிரையரால் காய வைக்கலாம். குறைந்தது 16 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். நேர் வெயில் விழும் இடம் வேண்டாம். நடுவில் ஒன்று, சுவரோரம் ஒன்று, வெளியே மழைநீர்க் குழாய் இறங்கும் பக்கம் ஒன்று என்று மூன்று இடத்தில் ஒட்டினால்தான் விடை தெளிவாக வரும்.

பிரிக்கும்போது அவசரம் வேண்டாம். முதலில் தாளின் மேல்பக்கத்தை விரலால் தடவுங்கள். பிறகு ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்து, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மண்ணின் ஈரம் என்றால் அடியில் குண்டூசித் தலை அளவுக்குத் துளிகள் நெருக்கமாக நிற்கும். அதைவிட நிச்சயமான அடையாளம் கான்கிரீட்டில் இருக்கிறது: தாள் மூடியிருந்த சதுரம் மட்டும் சுற்றியுள்ள தரையைவிடக் கருத்திருக்கும். உரித்துக் கொஞ்ச நேரத்திலேயே அந்தக் கருமை ஓரத்திலிருந்து வெளுத்துவிடும், அதனால் உடனே ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். அடிப்பக்கம் நனைந்திருந்தாலோ கான்கிரீட் கருத்திருந்தாலோ மண்ணின் ஈரம். இரண்டும் நனைந்திருந்தால் மண் ஈரத்தை முதலில் கவனியுங்கள். எதுவுமே நனையவில்லை என்றால் மழைக்காலத்தில் இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள். வறண்ட பருவத்தில் ஒரே முறை பார்த்துவிட்டுத் தரையை மூடிவிட்டவர்கள்தான் பின்னால் அதைப் பெயர்க்க வேண்டியிருக்கிறது.

புதிதாகப் போட்ட தளத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும். கான்கிரீட் தன் சொந்தத் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். 25 மி.மீ. தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்று கணக்கு வையுங்கள். அதாவது 100 மி.மீ. தளத்துக்கு நான்கு மாதம்.

### மேல்பக்கம் நனைந்திருந்தால்: தரை வியர்க்கிறது

மழை ஓய்ந்த புழுக்கமான நாளிலும், குளிர்காலம் முடிந்து சட்டென்று வெப்பக் காற்று வரும் நாட்களிலும் இது அதிகம். வார்ப்பிரும்பு மேசை வைத்த இயந்திரங்களில் ஒரே இரவில் மெல்லிய துரு படிவதும் இதே நாட்களில்தான்.

உறுதிப்படுத்த ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. 100-லிருந்து ஈரப்பதச் சதவீதத்தைக் கழியுங்கள். வருவதை 5-ஆல் வகுத்து, அதை அறையின் வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் விடை 26. தரையின் வெப்பநிலை அந்த 26 டிகிரிக்குக் கீழே இருந்தால் அது வியர்த்தே தீரும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை இந்தக் கணக்கை நம்பலாம்.

இனி காரணங்கள், எளியதிலிருந்து.

கதவைத் திறக்கும் நேரம். "காற்றோட்டம் வந்தால் காய்ந்துவிடும்" என்று கதவை அகலத் திறந்து வைப்பார்கள். வெளிக்காற்று தரையைவிட வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருந்தால், திறக்கத் திறக்கத் தரை நனையும். வெளிக்காற்றுக்கும் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரும் எண் தரையின் வெப்பநிலையைவிடக் குறைவாக இருந்தால் திறக்கலாம், இல்லையென்றால் மூடியே வையுங்கள்.

புகைபோக்கி இல்லாத எரிபொருள் ஹீட்டர். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாகி அறைக்குள்ளேயே சேர்கிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல். அந்த நீராவி முதலில் போய்ப் படிவது இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தில், பெரும்பாலும் தரையில். சில நாள் மின்சார ஹீட்டருக்கு மாற்றிப் பாருங்கள். வியர்வை நின்றால் காரணம் அதுதான். கதவிடுக்குகளை அடைத்த பட்டறையில் அப்படிப்பட்ட ஹீட்டர் கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் கொண்டது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதை வைத்துக்கொண்டு தரையையும் கதவையும் அடைக்கும் வேலையைத் தொடங்கவே கூடாது.

உள்ளே அடுக்கிய பச்சை மரம், நனைந்த வண்டி, ஈரத் துணி. வெளியே எடுத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

ஈரப்பதம் குறைக்கும் இயந்திரம். கதவு மூடிய நிலையில் 55 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தரையும் காயும், கருவிகளும் துருப்பிடிக்காது. தரையருகே ஒரு மின்விசிறி ஓடினால் இன்னும் சீக்கிரம் காயும்.

இவ்வளவு செய்தும் வியர்த்தால், தரைக்கு இன்சுலேஷன் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு. பலகையின் மேற்பரப்பு அறைக் காற்றின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும் என்பதால் வியர்க்காது. போடும் முறை "கால் சில்லிடுகிறது" தலைப்பில் இருக்கிறது.

*யாரைக் கூப்பிட வேண்டும்:* ஈரத் தரையில் நின்று மின்கருவி பிடிக்கும் நிலை இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தரை வேலை முடியும்வரை இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

### அடிப்பக்கம் நனைந்திருந்தால்: மண்ணின் ஈரம்

பட்டறைக்கு உள்ளே எதையும் தொடாமல் முதலில் வெளியே போய்ச் சுற்றி வாருங்கள், முடிந்தால் நல்ல மழையின்போதே.

கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? சுவரடியில் விழுந்தால் அதைக் குழாய் வைத்து இரண்டு மீட்டராவது தள்ளி விடுங்கள். பாதிக் கேசுகள் இதோடு முடிந்துவிடுகின்றன. அடுத்து மண்மட்டம். வெளி மண் தளத்தின் மேல்மட்டத்தைவிட 15 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும், சுவரிலிருந்து முதல் மூன்று மீட்டருக்குள் இன்னும் 15 செ.மீ. இறங்க வேண்டும். பூச்செடிக்காக ஒவ்வொரு வருடமும் மண் கொட்டிக் கொட்டிச் சுவரோரம் உயர்ந்துபோயிருப்பது வழக்கமான காட்சி. மண்ணை வெட்டி எடுக்க மண்வெட்டியும் ஒரு நாளும் போதும்.

தண்ணீர்க் குழாய் தளத்துக்கு அடியில் போகிறதா? எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் கசிவு இருக்கிறது.

வெளியே சரிசெய்த பிறகு சில வாரம் பொறுத்து, பாலித்தீன் சோதனையை மறுபடி செய்யுங்கள். துளிகள் குறைந்து லேசான கருமை மட்டும் மிச்சம் இருந்தால் 250 மைக்ரான் பாலித்தீன் தாள் போட்டு மேலே தரை அமைக்கலாம். தாளின் இணைப்புகள் குறைந்தது 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், டேப் ஒட்ட வேண்டும், சுவரோரத்தில் தாளை மேலே மடித்துவிட வேண்டும்.

எப்பாக்சி பெயின்ட் அடித்தால் போதாதா என்று கேட்பார்கள். அடியிலிருந்து தண்ணீர் அழுத்தித் தள்ளும் தளத்தில் அது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். வெள்ளை உப்புப் பூத்திருக்கும் தளத்தில் அடிக்கவே வேண்டாம். அந்த உப்பு, கான்கிரீட் வழியாகத் தண்ணீர் வந்து போய்க்கொண்டிருந்ததற்கான தடயம். அதைச் சுரண்டி எடுத்து, தேதியை எழுதி வைத்து, மறுபடி பூக்கிறதா என்று பாருங்கள்.

*யாரைக் கூப்பிட வேண்டும்:* மழையின்போது விரிசல் வழியாகத் தண்ணீர் ஊறி ஓடினால், விரிசலின் ஒரு பக்கம் மற்ற பக்கத்தைவிட உயர்ந்து நின்றால், தளம் ஒரு மூலையில் இறங்கிக்கொண்டே போனால் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். சுற்றிலும் வடிகால் வெட்டுவதா, தளத்தை உடைத்து மறுபடி போடுவதா என்பது அவர் பார்த்துச் சொல்ல வேண்டிய முடிவு. அதுவரை மேலே எதையும் போட்டு மூடாதீர்கள்.

## கால் சில்லிடுகிறது

அறை 20 டிகிரியில் இருக்கிறது, தலைப்பக்கம் வெதுவெதுப்பாகவே இருக்கிறது, ஆனால் அரை மணி நேரம் நின்றால் கால் விறைக்கிறது. ஹீட்டரைக் கூட்டினால் தலைதான் கனக்கும், தரை சூடேறாது.

வெப்பமானியால் மூன்று இடத்தில் தரையை அளவெடுங்கள்: நடுவில், வெளிச்சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, கதவுக்கு முன்னால். செருப்போ ஷூவோ போட்டு நிற்பவருக்குத் தரை 19 டிகிரிக்கும் 29 டிகிரிக்கும் இடையில் இருந்தால் பெரும்பாலும் சிரமம் தெரியாது. உங்கள் எண்கள் எப்படிப் பிரிகின்றன என்பதைப் பொறுத்து வழி மாறும்.

### கதவருகே மட்டும் குளிர்ச்சி

மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கதவின் அடியிலும் சுவர் தரையைத் தொடும் இடத்திலும் பிடித்துப் பாருங்கள். ஆடினால் காற்று வருகிறது. கதவடியில் ரப்பர் பட்டை, சுவரடியில் சீலன்ட், பெரிய ஓட்டைகளுக்கு ஸ்பிரே ஃபோம். இதற்கு மேல் எதுவும் தேவைப்படாமல் போவதும் உண்டு.

### ஓரமெல்லாம் குளிர்ச்சி, நடுவில் பரவாயில்லை

தளத்தின் விளிம்பு வெளிக்காற்றைத் தொட்டு நிற்கிறது. கான்கிரீட் தளம் வெப்பத்தை அதிகம் இழப்பது விளிம்பு வழியாகத்தான். வெளியே சுவரோரம் பள்ளம் வெட்டி, 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகையை (இன்சுலேஷனுக்கென்று விற்கும் கெட்டியான ஃபோம் பலகை) விளிம்போடு சேர்த்து 60 செ.மீ. ஆழத்துக்கு நிறுத்தி, வெளியே தெரியும் பாகத்தைச் சிமென்ட் பலகையாலோ பூச்சாலோ மூடினால் தரையைப் பெயர்க்காமலே வித்தியாசம் தெரியும். கரையான் உள்ள இடமென்றால் இதைச் செய்யும் முன் கரையான் தடுப்பு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். மண்ணுக்குள் இறங்கும் ஃபோம் பலகைக்குப் பின்னால் கரையான் ஏறினால் வெளியே தெரியாது. பலகைக்கும் மரச்சுவருக்கும் நடுவே 15 செ.மீ. வெற்றுக் கான்கிரீட் கண்ணுக்குத் தெரியும்படி விடச் சொல்லுவார்கள். அதைக் கேளுங்கள்.

### எங்கு பார்த்தாலும் ஒரே குளிர்ச்சி

தளத்துக்கடியில் இன்சுலேஷன் கிடையாது என்று அர்த்தம். ஒரே மேசைமுன் நின்று வேலை செய்பவருக்குத் தடித்த ரப்பர் பாய் போதும். ஆனால் வாரம் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும், அடியில் ஈரம் தேங்கும். பட்டறை முழுக்கச் சரியாக வேண்டுமென்றால் தளத்தின் மேலே தரை போட வேண்டும். 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை தடுக்கிற வெப்பத்தைக் கான்கிரீட்டால் தடுக்க ஒரு மீட்டருக்கும் மேல் தடிமன் வேண்டும். அதனால் மெல்லிய பலகைகூட நன்றாகவே வேலை செய்யும். குளிர் கடுமையான இடங்களில் 50 மி.மீ. போடுங்கள்.

நான் போடும் அடுக்கு இது. சமப்படுத்திய தளத்தின் மேல் 250 மைக்ரான் பாலித்தீன். அதன் மேல் எக்ஸ்.பி.எஸ். பலகை, இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் செங்கல் வரிசை போல மாற்றி, மேலே டேப் ஒட்டி. அதன் மேல் 12 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, இரண்டாவது அடுக்கு முதலாவதற்குக் குறுக்காக. இரண்டையும் ஒன்றோடொன்று மட்டும் ஸ்குரூ போட்டு இணைக்க வேண்டும். ஸ்குரூ நீளம் 22 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, போனால் ஃபோமையும் பாலித்தீனையும் குத்திவிடும். சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி, பிளைவுட் தாள்களுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி. கான்கிரீட்டோடு எதையும் ஸ்குரூ அடித்துப் பிணைப்பதில்லை. அடித்தால் ஒவ்வொரு துளையும் ஈரம் ஏறும் வழியாகிவிடும்.

50 மி.மீ. பலகையோடு தரை ஏறக்குறைய 75 மி.மீ. உயரும். கதவு உள்ளே திறப்பதாக இருந்தால் பலகை வாங்கும் முன்னரே கதவின் அடியை அளந்துகொள்ளுங்கள். வாசலில் தரை சட்டென்று உயரும் இடத்தில் சரிவுப் பலகை வைக்காவிட்டால் தள்ளுவண்டியும் தடுக்கும், காலும் தடுக்கும்.

*யாரைக் கூப்பிட வேண்டும்:* தளத்தில் பழைய வினைல் ஓடுகளோ அதன் கருப்புப் பசையோ இருந்தால் சுரண்டவும் தேய்க்கவும் கூடாது. பழையவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஆளை வரச்சொல்லுங்கள். தளத்துக்குள்ளேயே மின்கம்பியோ சூடேற்றும் குழாயோ ஓடினால் துளை போடும் முன் எலக்ட்ரீஷியனையோ பிளம்பரையோ கேளுங்கள்.

## புதுத்தரை அமுங்குகிறது, நடக்கும்போது சத்தம் போடுகிறது

சத்தம் வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே தரை முழுக்க நடந்துவிடுங்கள். வட்டங்கள் எங்கே விழுகின்றன என்பதிலேயே பாதி விடை வந்துவிடும்.

வட்டங்கள் பிளைவுட் இணைப்பு வழியே வரிசையாக விழுந்தால் ஸ்குரூ போதவில்லை. இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று உரசுகின்றன. ஓரத்தில் 15 செ.மீ.க்கு ஒன்று, உள்ளே 30 செ.மீ.க்கு ஒன்று என்று கூடுதலாக அடித்தால் நின்றுவிடும்.

வட்டங்கள் ஒரே இடத்தில் குவிந்தால் அடியில் கான்கிரீட் பள்ளமாக இருக்கிறது. இரண்டு மீட்டர் நீள மட்டப்பலகையை வைத்துப் பாருங்கள். நடுவில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் ஃபோம் அங்கே தரையைத் தொடாமல் தொங்குகிறது. அந்த இடத்துப் பிளைவுட்டையும் ஃபோமையும் கழற்றி, சமப்படுத்தும் சிமென்ட் கலவை ஊற்றி, காய்ந்த பிறகு திரும்பப் போட வேண்டும். மேலிருந்து ஓட்டை போட்டு ஸ்பிரே ஃபோம் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது கட்டுப்பாடில்லாமல் வீங்கிப் பக்கத்துப் பலகையையும் தூக்கிவிடும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கனமான இயந்திரத்தின் காலடியில் மட்டும் குழி விழுந்தால் சுமை ஒரே புள்ளியில் இறங்குகிறது. 300 கிலோ இயந்திரம், 5 செ.மீ. சதுரமாக நான்கு கால் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் 300 கிலோபாஸ்கல் அழுத்தம் வருகிறது. தரைக்கு விற்கும் சாதாரண ஃபோம் பலகையின் தாங்குதிறன் 100 முதல் 200 கிலோபாஸ்கல்தான். நிரந்தரமாக நிற்கும் சுமைக்கு அதிலும் மூன்றில் ஒரு பங்கைத்தான் நம்பலாம். பிளைவுட் கொஞ்சம் பரப்பிக் கொடுக்கும், முழுதாகப் பரப்பாது. அதே காலுக்கடியில் 30 செ.மீ. சதுரத்தில் வளையாத இரும்புத் தகடு வைத்தால் அழுத்தம் 10 கிலோபாஸ்கலுக்கும் கீழே போய்விடும். அதிர்வு அதிகமுள்ள இயந்திரம் என்றால் அந்த இடத்தில் ஃபோமை வெட்டியெடுத்து, கான்கிரீட் மேலேயே தனி மேடை கட்டி நிறுத்துவதுதான் சரி. அந்த ஒரு சதுரம் குளிராக இருந்தால் குடி முழுகிவிடாது.

தரை முழுக்கவே மெத்தென்று இருந்தால் பலகையே தவறு. பெட்டிக்குள் பொருள் அடைக்க வரும் தெர்மோகோல் தரைக்கு ஆகாது. தெர்மோகோல் போடுவதென்றால் ஒரு கன மீட்டருக்கு 20 கிலோவுக்குக் குறையாத அடர்த்தியில், தரைக்கென்று தாங்குதிறன் எண் அச்சடித்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

## பிளைவுட் நடுவில் கூடாரமாக எழும்பி நிற்கிறது

மேலே ஏறி நின்று அழுத்தினால் இறங்கும், விட்டால் மறுபடி எழும்பும். முதலில் சுவரோரத்துச் சட்டத்தைக் கழற்றி இடைவெளியைப் பாருங்கள். பிளைவுட் சுவரை முட்டிக்கொண்டிருந்தால் ஓரத்தை 10 மி.மீ. வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகப் படிந்துவிடும்.

இடைவெளி சரியாக இருந்தும் எழும்பினால் ஊசி மீட்டரால் பிளைவுட்டின் மேலும் அடியிலும் ஈரத்தைப் பாருங்கள். அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிடத் தெளிவாக அதிகம் என்றால் தண்ணீர் கீழிருந்து வருகிறது, மண் ஈரப் பகுதிக்குத் திரும்புங்கள். இரண்டும் ஒரே அளவில் அதிகம் என்றால் நனைந்த பிளைவுட்டைப் போட்டிருக்கிறார்கள். இதைத் தவிர்க்க, போடும் முன் தாள்களைப் பட்டறைக்குள்ளேயே நடுவே கட்டை வைத்து அடுக்கிச் சில நாள் விட்டாலே போதும்.

## பூசண நாற்றம் வருகிறது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை

காலையில் கதவைத் திறந்த முதல் நிமிடத்தில் மோந்து பாருங்கள். பத்து நிமிடம் உள்ளே இருந்துவிட்டால் மூக்குக்குப் பழகிவிடும். அலமாரி, மரக்குவியல், ரப்பர் பாய் இவற்றுக்கு அடியில் முதலில் தேடுங்கள், காற்று போகாத இடங்கள் அவைதான்.

அங்கே எதுவும் இல்லை என்றால் சந்தேகப்படும் மூலையில் ஒரே ஒரு பிளைவுட் தாளைக் கழற்றிப் பாருங்கள். மர ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூசணம் பிடிக்கும், நீடித்தால் மரம் மக்கும். கான்கிரீட் மேல் மரச்சட்டம் படுக்க வைத்து, நடுவே கிளாஸ் வுல் பஞ்சு திணித்த தரைகளில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சட்டத்தின் அடிப்பக்கம் காயவே காயாது. கான்கிரீட்டைத் தொடும் தரையில் பஞ்சு போடுவதை நான் எந்தச் சூழலிலும் ஏற்க மாட்டேன். அது இருந்தால் முழுக்க எடுத்துவிட்டுப் பாலித்தீனும் ஃபோம் பலகையும் போடுங்கள். எடுக்கும்போது நல்ல முகக்கவசம், கையுறை கட்டாயம்.

*யாரைக் கூப்பிட வேண்டும்:* பூசணம் ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தாலோ, பட்டறையில் வேலை செய்பவருக்கு ஆஸ்துமா இருந்தாலோ அதைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆட்களிடம் விடுங்கள்.

## ஃபோம் பலகையில் குழி விழுந்து கரைந்திருக்கிறது

தின்னர், பெட்ரோல், அசிட்டோன் இவற்றில் ஏதோ ஒன்று பிளைவுட் இடுக்கு வழியாக இறங்கியிருக்கிறது. எக்ஸ்.பி.எஸ்.சும் தெர்மோகோலும் இவற்றில் கரைந்துவிடும். சில பசைகளும் அதே வேலையைச் செய்யும், டப்பாவில் ஃபோமுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கரைந்த துண்டை வெட்டி மாற்றி, பிளைவுட் இணைப்புகளைச் சீலன்டால் அடையுங்கள். வெல்டிங் செய்யும் மூலையில் ஃபோமே வேண்டாம், வெறும் கான்கிரீட்டாக விடுங்கள். தீப்பொறி இடுக்கில் இறங்கினால் ஃபோம் வெளியே தெரியாமல் எரியத் தொடங்கும்.

## கட்டைகளின் மேல் நிற்கும் மரத்தரை

அடியில் காற்று ஓடும் இந்தத் தரைகளுக்குக் கோளாறு வேறு. டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் பாருங்கள்.

### பஞ்சு தொங்குகிறது

இன்சுலேஷனுக்குத் திணித்த கிளாஸ் வுல் பஞ்சு, தரைப் பலகையின் அடிப்பக்கத்தை ஒட்டியிருக்க வேண்டும். நடுவே இடைவெளி விழுந்தால் குளிர்காற்று அதற்குள் ஓடும், பஞ்சு இருந்தும் பயனிருக்காது. மேலே தள்ளிக் குறுக்குப் பட்டி அடிக்கலாம். ஆனால் அமுக்கி அடிக்காதீர்கள், நசுங்கிய பஞ்சு வெப்பத்தைச் சரியாகத் தடுக்காது.

### பஞ்சில் வழி போட்டிருக்கிறது, எச்சம் கிடக்கிறது

எலி. சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளியே போதும், அதனால் 6 மி.மீ.க்கு மேல் கண் இல்லாத துத்தநாகம் பூசிய கம்பிவலை அடியில் முழுக்க அடிக்க வேண்டும். கொஞ்சம் இடம் விட்டாலும் அந்த வழியாக வரும்.

### ஏசி ஓடும்போது பலகையின் அடி நனைகிறது

வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் உள்ளே குளிரூட்டினால் நீராவி கீழிருந்து மேலே வந்து குளிர்ந்த பலகையில் படியும். இங்கே பஞ்சு நனைந்து கனத்துத் தொங்கும். முதலில் ஏசியின் வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி ஏற்றுங்கள். தரைக்கடியில் வெறும் மண் என்றால் அதைப் பாலித்தீனால் மூடுங்கள். போதாவிட்டால் பஞ்சை எடுத்துவிட்டு, சட்டங்களின் அடிப்பக்கம் முழுக்க ஃபோம் பலகை அடித்து இணைப்புகளை டேப்பால் மூடுங்கள். பலகை வெளிப்பக்கமாகத் தொடர்ந்து போவதால் ஈரக்காற்று குளிர்ந்த மரத்தைத் தொடாது.

*யாரைக் கூப்பிட வேண்டும்:* ஒவ்வொரு சட்டத்திலும் ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள், குறிப்பாக அது கட்டையின் மேல் உட்காரும் இடத்தில். நல்ல மரத்தில் முனை இறங்காது. வெண்ணெயில் இறங்குவது போல உள்ளே போனால் சட்டம் மக்கியிருக்கிறது. தச்சரைக் கூப்பிடுங்கள், சட்டத்தை மாற்றும்வரை கனமான இயந்திரங்களை அந்தப் பக்கத்திலிருந்து நகர்த்தி வையுங்கள்.